அப்பா தலை குனியாத ஞாயிற்றுக்கிழமை

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது.

கடிதம் என்றால் முதல் வரியில் ‘இங்கு யாவரும் சுகம்’ என்று எழுதுவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்த முறை அந்த வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பயப்படாதே, எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ஆனால் அந்த வரியை நம்பி ஒரு தடவை நான் ஏமாந்திருக்கிறேன், உன்னையும் ஏமாற்றியிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ பாளையங்கோட்டை விடுதியில் தங்கி பி.யு.சி. படித்தபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் உனக்கு ஒரு கார்டு போட்டேன். ‘இங்கு யாவரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரைதான் கொஞ்சம் கூடுதல், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ கவலைப்படாமல் படி.’ அந்த மூன்று வரியை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, பத்தடி தள்ளிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த உன் அப்பாவுக்கு மூளையைச் சுற்றிச் சீழ் பிடித்துக்கொண்டிருந்தது. நான் இருபது வருஷ சர்வீஸ் உள்ள ஸ்டாஃப் நர்ஸ். எனக்கு அது தெரியவில்லை.

போன வியாழக்கிழமை உன்னையும் மருமகள் கிரேஸையும் சேலத்துக்கு ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து இதை எழுதவேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. பிளாட்பாரத்தில் நான் இன்சுலின் ஃபிளாஸ்க்கில் ஐஸ் மாற்றுவதைப் பற்றியும், சிரிஞ்சை எத்தனை நிமிஷம் கொதிக்க வைக்கவேண்டும் என்பதைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டு, “அம்மா, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக் குடுத்துருங்க” என்றாய். கிரேஸ் என் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாள். பதினான்கு வயசிலிருந்து தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்கிற பெண்ணுக்கு முன்னால் நின்று நான் கொல்லன் தெருவில் ஊசி விற்றுக்கொண்டிருந்தேன் என்பது ரயில் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. அவளிடம் சொல், மாமி வெட்கப்பட்டாள் என்று. இந்தக் கல்யாணத்துக்கு நான் என்னவெல்லாம் தடை சொன்னேன் என்பதும் உனக்குத் தெரியும். “ஒரு குடும்பத்துக்கு ஒரு ஊசி போதும்” என்று சாத்தான்குளத்தில் அவர்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே சொன்னவள் நான். அது அவள் மேல் இருந்த வெறுப்பு இல்லை, பயம். எதைப் பார்த்துப் பயந்தேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது உனக்கு எட்டு வயசில். அன்றிலிருந்து அவர் உடம்புக்கு நான்தான் எஜமானி. காலையில் எழுந்ததும், சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க, அவர் சிறுநீரில் எட்டுச் சொட்டு எடுத்து, நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன். நீ கூட மூக்கைப் பொத்திக்கொண்டு நிறம் பார்க்க வருவாயே! நீலமாகவே இருந்தால் எனக்குப் பெருமை. பச்சை என்றால் முறைப்பேன். மஞ்சள், ஆரஞ்சு என்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு பாதி. செங்கல் நிறம் வந்துவிட்டால் வீட்டில் விசாரணைக் கமிஷன். எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்பா துறைமுகத்தில் கப்பலேறும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற டாலி கிளார்க். “நான் மூட்டைக்குக் கோடு போடுதேன், ஒங்க அம்மா எனக்குக் கோடு போடுதா” என்று உன்னிடம் சொல்லிச் சிரிப்பார். நல்ல மனுஷன். தலைவலித்தால் சர்க்கரை என்பேன், தூக்கம் வந்தால் சர்க்கரை என்பேன், என்னோடு சண்டை போட்டால் அதுவும் சர்க்கரைதான். சில நேரம் அது நிஜமாகவும் இருந்தது. அதனால்தான் என் துணிச்சல் கூடிப்போயிற்று.

அந்த வாரம் அவருக்குச் சளி பிடித்துக் காது வலித்தது. சுடவைத்த எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். “ஏளா, தலை பொளக்குதுளா” என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார். தொட்டுப் பார்த்தேன், நூறு டிகிரி இருக்கும், அதற்கு மேல் இல்லை. வயசானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் எவ்வளவு பெரிய சீக்கு உள்ளே இருந்தாலும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாமல் போகலாம் என்று புதுசாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள் நான். வீட்டில் அது ஞாபகம் வரவில்லை. நீல மருந்தைக் காய்ச்சினேன். ஆரஞ்சு. சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தின் எண்ணெய்க் காகிதம், அதில் ஒட்டிக்கொண்டு வெள்ளைத் தூள். போதாதா எனக்கு? கட்டிலுக்கு முன்னால் போய் நின்று அந்தக் காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் கேட்டேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “நர்ஸ் வேல பாக்கது போதாதுன்னு போலீஸ் வேலையும் பாக்கியா?” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வரை அவர் என்னிடம் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி. நான் அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

சனிக்கிழமை அவர் பேசவில்லை. கூப்பிட்டால் ‘உம்’ என்பார். ஜன்னலைத் திறந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். சடவு, என் மேல் கோபம் என்று நினைத்தேன். நம் ஊரில் புருஷன்மார் சடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுப்பது புதுசா என்ன? செங்கல் நிறம் வந்தது, இன்சுலினைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டேன், உனக்குக் கார்டு எழுதினேன். சர்க்கரை ஏறியதால் அவர் படுத்துவிட்டார் என்று எண்ணினேன். உள்ளே ஒரு பெரிய நோய் புகுந்ததால் சர்க்கரை ஏறியது என்பதை எண்ணவில்லை. தலையும் வாலும் மாறிப் பிடித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒரு அந்நியர் இப்படி வந்து படுத்திருந்தால் பத்து நிமிஷத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். என் புருஷனை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் கண்ணை மறைத்தது.

இனி எழுதப்போவதை ஆறு வருஷமாக உன்னிடமும் ஊரிலும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போலக் குடும்ப ஜெபம். பிடித்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தேன். ஒத்துழைத்தார். நான் தலையைக் குனிந்து ஆரம்பித்தேன். ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்து பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு, சின்னதில் நீ பார்க்கிறாயா என்று பார்ப்பதற்காக வந்தது. அன்றைக்கும் பார்த்தேன். அப்பா தலையைக் குனியவில்லை. விறைப்பாக, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை சண்டை போட்டிருப்போம்! ஜெபத்தில் அவர் தலை குனியாமல் இருந்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் கோபம் என்றால் என்னோடு இருக்கட்டும், ஆண்டவரிடம் என்ன வீம்பு என்று நினைத்தேன். நினைத்ததோடு விடவில்லை. அவர் காதில் விழவேண்டும் என்று குரலை உயர்த்தி, “இந்த வீட்டில் பெருமை பிடித்த தலை இருந்தால் அதை நீரே குனியச் செய்யும், ஆண்டவரே” என்று ஜெபித்தேன். ஆமென் சொல்லிவிட்டு, அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

மகனே, அந்த மனுஷனுக்குக் கழுத்து குனிய முடியவில்லை. மூளைக் காய்ச்சலில் முதலில் பார்க்கவேண்டிய அடையாளமே அதுதான். ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்குப் பிடரியில் கைகொடுத்துப் பார்த்திருப்பேன், கணக்கில்லை. என் வீட்டு நாற்காலியில் அது என் கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருந்தது, நான் அதைப் பெருமை என்று படித்தேன்.

ஆராதனை முடிந்து பத்து மணிக்கு வந்தால் வாசலில் இன்னாசியம்மாள் நிற்கிறாள். தோணிக்காரர் பெண்சாதி, நமக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருவாளே, அவள்தான். அவளைக் கண்டால் அப்பா சொல்வது உனக்கு ஞாபகம் இருக்கும். “இன்னாசி, இந்த மீனு ஞானஸ்நானம் வாங்கி எத்தன நாளாச்சு?” என்பார். அவளும் விடமாட்டாள், “எங்க கோயில்ல இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி, ஒங்க சபை வாசலுக்கு வந்ததும் நாறுது” என்பாள். கத்தோலிக்கக்காரியும் நம் சபைக்காரருமாக வேதக்காரர் இரண்டு பேரும் இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொள்வேன். அன்றைக்கு அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு மீனைக் காட்டாமல் நின்றாள்.

“நர்ஸம்மா, அண்ணாச்சிக்கு என்ன செய்யுது?”

“சீனி கூடிட்டு. சடவு வேற.”

“சீனி கூடுனா மனுசன் இப்பிடியா ஆவாரு? நேத்தும் வந்தேன், ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு ஜன்னல் வழியா நானே கேட்டேன், ‘அண்ணாச்சி, ஞானஸ்நானம் எப்பன்னு கேக்கலியா’ன்னு. என்னய யாருன்னே தெரியாத மாதிரிலா பாக்காரு. வெளிச்சம் பட்டதும் கண்ண இறுக்கி மூடுதாரு.” அவள் என் கையைப் பிடித்தாள். “நீங்க படிச்சவிய. நான் சொல்லக்கூடாது. ஆனா அவரு சடவுல இருக்க ஆளு இல்லம்மா. என்கிட்ட அவருக்கு என்ன சடவு?”

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்து உலுக்கியது. என்னிடம் சடவு, சரி. அவளிடம் என்ன? உள்ளே ஓடினேன். தலையணையை எடுத்துவிட்டு, அவர் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கினேன். தலை மட்டும் வரவில்லை, பலகையைத் தூக்கினாற்போலத் தோளும் சேர்ந்து வந்தது. அவர் முழங்கால்கள் இரண்டும் தானாக மடங்கின, அதுவும் மூளைக் காய்ச்சலின் அடையாளம். “யேசுவே” என்று கத்தியது நானா இன்னாசியா என்று இன்றுவரை தெரியாது. அவள்தான் தெருவுக்கு ஓடி டாக்ஸி பிடித்தாள். அவளே அவர் காலைத் தூக்கினாள். மீன் கூடை வாசலிலேயே கிடந்து காக்கைக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரியிலும் சுலபமாக முடிந்துவிடவில்லை. டியூட்டியில் இருந்தவர் சின்ன வயசு டாக்டர், நல்ல பையன். நான் கையோடு கொண்டுபோயிருந்த நோட்டைப் புரட்டினார். ஆரஞ்சு, செங்கல், செங்கல். “சிஸ்டர், டயபடிக் கோமாவுக்குப் போயிட்டு இருக்கார். சலைனும் இன்சுலினும் ஆரம்பிச்சிருவோம்” என்றார். பத்து வருஷமாக நான் பெருமையாக எழுதிய நோட்டு, என் புருஷனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டரை அப்பா மூச்சை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். கோமாவுக்கு உண்டான அந்தப் பழவாடை இல்லை. கழுத்தைச் சொன்னேன். “அம்பது வயசாகுது, எலும்புத் தேய்மானமா இருக்கும்” என்றார். எலும்பு தேய்ந்த கழுத்து எந்தப் பக்கமும் திரும்பாது. நான் அப்பா தலையை இரண்டு கையாலும் பிடித்து இடதும் வலதுமாகத் திருப்பிக் காட்டினேன், லேசாகத் திரும்பியது. முன்னால் மட்டும் வரவில்லை. “டாக்டர், அந்த நோட்டைப் பாக்காதீங்க. அதைப் பாத்துத்தான் நான் ரெண்டு நாளைக் கெடுத்தேன். ஆளைப் பாருங்க” என்றேன். வார்டில் அத்தனை பேர் இருந்தார்கள். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

டாக்டர் நோட்டை மூடிவைத்தார். அவரை நான் இன்றைக்கும் ஜெபத்தில் நினைக்கிறேன், கௌரவம் பார்க்காமல் மூடினாரே! கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு முதுகுத்தண்டில் ஊசி இறக்கி நீர் எடுக்க ஏற்பாடு செய்தார். அப்பாவைப் பக்கவாட்டில் சுருட்டிப் பிடித்துக்கொண்டது நான்தான். சுகமாக இருக்கிறவர்களுக்குப் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக வரவேண்டிய நீர், அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கி வந்தது. அங்கேயே பென்சிலின் ஆரம்பித்தார்கள். சர்க்கரை உடம்பில் கிருமிக்கு வேகம் அதிகம், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கொண்டுவந்திருக்க வேண்டாம் என்று பெரிய டாக்டர் பிறகு சொன்னார். நாலாம் நாள் அப்பா கண்ணை விழித்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நீயும் தந்தி கிடைத்து வந்து கட்டில் ஓரத்தில் நின்றாய். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் குழப்பத்தோடு, “ஏளா, ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிய?” என்றார்.

அப்பாவுக்குக் காது போனது அப்படித்தான், மூளைக் காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதைக் கொண்டுபோயிற்று. விஷக் காய்ச்சல், உயிர் தப்பியது தேவ கிருபை என்று உனக்குச் சொன்னேன். நர்ஸ் பெண்சாதி வாய்த்ததால் மனுஷன் பிழைத்தார் என்று ஊரே சொன்னது. நன்றிக் காணிக்கை படைத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொன்னேன், கழுத்தைத் தூக்கிப் பார்த்த கதையைச் சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். வெள்ளி, சனியைச் சொல்லவில்லை, ஞாயிறு காலை ஜெபத்தைச் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்னாசியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவள் அதற்காக என்னிடம் சடைக்கவும் இல்லை. இரண்டு நாள் முன்னால் கொண்டுபோயிருந்தால் காது மிஞ்சியிருக்குமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாது சிஸ்டர்” என்றார். அந்தப் பதிலோடுதான் வாழ்கிறேன்.

அப்பாவிடம் மட்டும் பிறகு சொன்னேன். அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிற சின்ன நோட்டில், அவர் படிக்கும்படி எழுதினேன். மக்ரூன் உனக்குப் பார்சல் அனுப்ப வாங்கியது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். ‘மக்ரூன் வந்து சேர்ந்தது, பாதி பொடிந்துவிட்டது, அப்பாவுக்கு நன்றி’ என்று நீ எழுதியது, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தது. ‘நீங்கள் தின்றதாகச் சொன்னது தப்பு, மன்னித்துவிடுங்கள்’ என்று எழுதிக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு, காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், தெருவுக்கே கேட்கும்படி, “ஒண்ணே ஒண்ணு தின்னேன்ளா! பயலுக்கு அனுப்புதது நல்லாருக்கான்னு பாக்கணும்லா!” என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. நினைத்துப் பார்த்தால், என் குற்றச்சாட்டு உண்மைதான். அது உண்மையாக இருந்தும் அவர் நோய் அது இல்லை. காகிதம் கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்தினேனே, அங்கேதான் தவறினேன்.

இனி கிரேஸைப் பற்றி. அவளுக்கு ஊசி நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் உன்னைவிட நன்றாகத் தெரியும், அதில் தலையிடாதே. அவள் கோபப்பட்டால், முதலில் உன் மேல் தப்பு இருக்கிறதா என்று பார், பிறகு சர்க்கரையைப் பார். சர்க்கரையைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைந்துபோய்த் தடுமாறினால் உடனே வாயில் சீனியைப் போடு, விவாதம் பண்ணாதே. ஆனால் பழைய வியாதி ஒன்று வீட்டில் இருந்தால், புதுசாக எது வந்தாலும் ‘நான்தான், நான்தான்’ என்று அதுவே முந்திக்கொண்டு பதில் சொல்லும். நம்பிவிடாதே. அவள் காலையில் எந்தப் பாட்டை முணுமுணுப்பாள், எதற்குச் சிரிப்பாள், உன்னை எப்படிக் கேலி செய்வாள் என்பதைப் படித்து வை. அது ஒரு நாள் இல்லை என்றால் காரணத்தைக் கேள். காய்ச்சலோடு தலைவலி, வெளிச்சம் பிடிக்கவில்லை, பேச்சு குழறுகிறது, ஆள் ஆளாக இல்லை என்றால், நீல மருந்து என்ன நிறம் காட்டினாலும் டாக்டரிடம் ஓடு. பக்கத்து வீட்டுக்காரி ஏதாவது சொன்னால், படிக்காதவள் என்று தள்ளாதே. நோய் தெரியாதவர்களுக்குத்தான் சில நேரம் ஆள் தெரிகிறது. கிரேஸுக்கு இதைப் படித்துக் காட்டு. முற்றத்தில் நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு அவள் என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்கிறேன். இங்கே ஊசி ஒன்று போதும் என்று சொன்னவள், அப்பாவுக்கும் அவளுக்கும் சேர்த்து இப்போது ஜெபிக்கிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். கப்பல் ஊதுவது காதில் விழாவிட்டாலும் நெஞ்சில் கேட்கிறது என்கிறார். இன்னாசியின் மீனைப் பார்த்து அதே கேள்வியைக் கத்துகிறார், அவள் பதிலைக் கையால் காட்டுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று விட்டுப்போன பாதிச் சாட்சியையும் சொல்லி முடித்தேன். உனக்கு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன் நானே எழுதவேண்டும் என்றுதான் இவ்வளவு நீளம்.

ஒன்று மட்டும் மிச்சம். அப்பா தன் காதால் கேட்ட கடைசி ஜெபம், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் குரலை உயர்த்திச் சொன்னதுதான். அதற்குப் பிறகு நான் எத்தனையோ நல்ல ஜெபம் செய்துவிட்டேன், ஒன்றும் அவருக்குக் கேட்காது. நான் தலை குனிவதைப் பார்த்து அவரும் குனிவார். ஆமென் சொன்னது தெரியாது, தோளில் தொட்டால்தான் நிமிர்வார். இன்று காலையும் நான் முடித்த பிறகு அவர் அப்படியே குனிந்திருந்தார், நரைத்த பிடரி தெரிய, தாடை நெஞ்சில் பட. கொஞ்ச நேரம் நான் அவரைத் தொடவில்லை.

உன் அம்மா